கோர்லோ பாதி ஜெயித்த ஆட்டம்

கோர்லோ உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஊர் எல்லையில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் அவளுடைய கையுறைகள்தான் உட்கார்ந்திருக்கும். வண்டி வந்தால் ஓடுவாள். வராவிட்டால், ஏதாவது வருகிறதா என்று பார்க்கச் சாலை வரைக்கும் ஓடுவாள். கல்யாணத்தன்றுகூட மணப்பெண்ணாக அமர்ந்திருந்தவள், அடுப்புத் தணல் மங்குகிறதென்று எழுந்துபோய்ச் சாணவரட்டி அள்ளிப் போட்டதாக இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளுடைய கணவன் ஜிக்மெத் நேர் எதிர். ஆட்டுப் பட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குள் வந்து சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தானென்றால் மலைபோல அசையமாட்டான். மற்ற ஊர்களில் எட்டுக்கு எட்டுப் பலகையில் ஆடுவார்கள். எங்கள் பக்கத்தில் காவலன் ஆட்டம்தான் ஆட்டம். பத்துக்குப் பத்துப் பலகை. ராஜாவை நாங்கள் நோயோன் என்போம். மற்றபடி தேர், குதிரை, ஒட்டகம், சிப்பாய்கள் எல்லாம் உண்டு. கூடவே பக்கத்துக்கு இரண்டு காவலன்கள்.

அந்தக் காவலனிடம் ஒரு சக்தி உண்டு. எந்தக் காய் எவ்வளவு வேகமாகப் பாய்ந்து வந்தாலும் அவனுக்குப் பக்கத்துக் கட்டத்தை மிதித்ததும் நின்றாக வேண்டும். அவன் அருகில் இருக்கும்வரை ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான் நகரலாம். எதிரிக் காய் மட்டுமல்ல, சொந்தக் காய்க்கும் அதுதான் சட்டம். குதிரை ஒன்றுதான் அவனை மதிக்காமல் தாண்டிப் போகும்.

இந்த ஆட்டத்தில் ஜிக்மெத்தை ஜெயித்தவன் ஊரில் ஒரே ஒருவன். லாரி ஓட்டும் பதார்ச். அதுவும் ஒரு முறைதான்.

கோர்லோவுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. “உக்காந்தே செத்துப்போறதுக்கு ஆம்பளைங்க கண்டுபிடிச்ச வேலை” என்பாள்.

விதி அந்தப் பலகைக்கு முன்னாலேயே அவளைக் கொண்டுவந்து உட்கார்த்தியது.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஜிக்மெத் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். கேட்டால் குதிரை உதைத்தது என்பான். எந்தக் குதிரை என்றால் பேச்சை மாற்றுவான். ஊர் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் இயந்திரம் வந்த அன்று, அவனைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள் கோர்லோ. சின்ன வயது டாக்டர் நோமின் திரையை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அவளே அவர்களுடைய கூடாரத்துக்கு வந்து, தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் பேசினாள்.

“கல்லீரல்ல நீர்க்கட்டி, அக்கா. நாய்கிட்ட இருந்து வர்றது. இங்க நிறையப் பேருக்கு வரும். ஆனா அண்ணனுக்கு ரொம்பப் பெருசாயிருச்சு.”

“மருந்து இருக்குல்ல?”

“மருந்தோட போற அளவைத் தாண்டிருச்சு. தலைநகரத்துல ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்துட்டா நல்லாயிருவாரு. உள்ளேயே உடைஞ்சா…” டாக்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “உடையுறதுக்கு முன்னாடி போயிரணும், அக்கா.”

ஜிக்மெத் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் எங்கயும் வரல” என்றான்.

கோர்லோ கெஞ்சினாள். திட்டினாள். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளைப் போனில் அழவைத்தாள். அவன் அசையவில்லை. அவன் வாயிலிருந்து காரணமும் வரவில்லை. அன்று அவள் பாத்திரத்தை எடுத்து வைப்பதும், வெளியே ஓடுவதும், உள்ளே வருவதுமாக இருந்ததைப் பார்த்து எரிச்சலில் அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

“சரி, கிழவி. காவலன் ஆட்டத்துல என்னை ஜெயி. ஜெயிச்ச அன்னிக்கே வண்டியில ஏறுறேன்.”

அதைச் சொல்லும்போது அவன் கையில் நோயோன் இருந்தது. எங்கள் ஊரில் நோயோனைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. அவனுக்கே அது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சிரித்தான். ஒட்டகம் குறுக்கே போகுமா நேரே போகுமா என்றுகூடத் தெரியாதவளிடம் தோற்றுவிடப் போகிறோமா என்ற சிரிப்பு அது.

கோர்லோ சிரிக்கவில்லை. சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு பங்க்குக்குப் போனாள்.

எண்ணெய் டின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் முதுகில் கட்டம் போட்டாள். பாட்டில் மூடிகள் சிப்பாய்கள். துருப்பிடித்த போல்ட்டுகள் காவலன்கள். அன்றிலிருந்து எந்த வண்டிக்காரனும் பெட்ரோல் போட்டோமா போனோமா என்று போக முடியவில்லை.

“அக்கா, டேங்க் ரொம்பி வழியுது. குழாயை எடுங்க.”

“முதல்ல உன் தேரை எடு. எங்க வைக்கப்போற?”

“எனக்கு ஆடவே தெரியாதுக்கா.”

“எனக்கும்தான் தெரியாது. உக்காரு.”

அவள் மட்டும் உட்காரமாட்டாள். நின்றுகொண்டே ஆடுவாள். காயை வைத்துவிட்டு ஒரு முறை பங்க்கைச் சுற்றி வருவாள். எதிராளி யோசிக்கும் நேரத்தில் அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைப்பாள். திரும்பி வந்து, யோசிக்காமல் அடுத்த காயைத் தள்ளுவாள். தோற்பாள். அடுத்தவனைக் கூப்பிடுவாள்.

முதலில் அவள் செய்தது, யாரும் செய்யக்கூடியதைத்தான். இரண்டு காவலன்களையும் நோயோனுக்கு இரண்டு பக்கமும் ஒட்டவைத்து நிறுத்தினாள். நோயோனைக் காப்பாற்றினால் போதும், ஜெயித்தது போலத்தான் என்று நினைத்தாள். அவளுடைய சொந்தத் தேர்களே வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் ஒவ்வொரு கட்டமாகத் தவழ்ந்தன. பதார்ச் லாரியிலிருந்து இறங்கி, அட்டையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன அண்ணி, உங்க நோயோனுக்குக் குளிர் ஜுரமா? ரெண்டு போர்வை போத்தி வச்சிருக்கீங்க.”

“சும்மா சிரிக்காத. வழி இருந்தா சொல்லு.”

“வழி சொன்னா ஜிக்மெத் அண்ணன் என்னை உயிரோட விடுவாரா?”

“நீ சொல்லலேன்னா அவரு உயிரோட இருக்கமாட்டாரு, பதார்ச்.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. டயரை ஒரு உதை உதைத்துவிட்டு வந்து, எதிரே குந்தினான். “சரி, காயை அடுக்குங்க.”

வசந்தகாலம் முழுக்க அப்படித்தான் போனது. பகலில் பங்க்கில் பதார்ச்சோ வேறு யாரோ. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் ஜிக்மெத். ஒவ்வொரு முறையும் தோல்வி. மற்றவர்களிடம் தோற்றால் ஆட்டம் போயிற்று. ஜிக்மெத்திடம் தோற்றால் அவளுக்கு ஜிக்மெத்தே போகிறான். அவன் கை பலகையிலிருந்து விலாவுக்குப் போவதையும், இடுப்புக் கச்சையை நாளுக்கு நாள் மேலே ஏற்றிக் கட்டுவதையும் அவள் கண்கள் பார்க்காமல் இருக்குமா? காயை நகர்த்தும்போதும் அவள் பார்வை அவன் விலாவில்தான் இருக்கும். தப்பான கட்டத்தில் வைப்பாள். வைத்த காயை மாற்ற ஜிக்மெத் விடமாட்டான்.

வெள்ளாடுகளுக்கு உள்முடி சீவுகிற வேலை வந்தது. ஒரு நாள் பட்டியில் நின்று சீவிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. அவர்களுடைய நாய் பட்டிக்குள் இல்லை. வாசலுக்கு வெளியே, பாதையின் நடுவில் படுத்திருந்தது. துள்ளி ஓடிவந்த ஆடுகளெல்லாம் அதைப் பார்த்ததும் நின்று, ஒவ்வோர் அடியாக ஒதுங்கிப் போயின. நாய் குரைக்கவில்லை, கடிக்கவில்லை, எழுந்துகூட நிற்கவில்லை.

சீப்பைப் போட்டுவிட்டுப் பங்க்குக்கு ஓடினாள்.

“பதார்ச், காவலனை ஏன் என் வீட்டுல வைக்கணும்? எதிராளி வாசல்ல கொண்டுபோய் வச்சா? அவன் தேரு அவன் நோயோனைக் காப்பாத்த எப்படி ஓடிவரும்?”

பதார்ச் காயை அடுக்கினான். அன்று அவளுடைய காவலன் எதிரியின் பக்கத்துக்கு மிடுக்காக நடந்து போனான். போன வேகத்தில் வெட்டுப்பட்டான்.

“தனியா அனுப்பினா அவன் காவலன் இல்ல அண்ணி, விருந்தாளி. நல்லா கவனிச்சு அனுப்பிருவாங்க. பின்னாடி ஒரு குதிரையை அனுப்புங்க. குதிரை மட்டும்தான் அவன்கிட்ட நிக்காம ஓடும்.”

“குதிரை பின்னாடி. சரி.”

“இன்னொண்ணு. கடைசியில அவசரப்படாதீங்க. தேரோ குதிரையோ மிரட்டினா ‘ஷாக்’னு சொல்லணும். ஒட்டகம் மிரட்டினா ‘தூக்’. கடைசி மிரட்டல் வரிசையில ஒரு ஷாக்காவது இருக்கணும். வெறும் தூக்கிலேயே முடிச்சா அது நியோல். ஜெயிச்ச கணக்கு இல்ல.”

“தெரியும், தெரியும்” என்று வந்த வண்டியை நோக்கி ஓடினாள் கோர்லோ.

புழுதிக் காற்று வானத்தையே மூடிவிட்ட அந்த நாளை என்னால் மறக்க முடியாது. சாலையில் ஒரு வண்டி ஓடவில்லை. வெள்ளாட்டு முடி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தலைநகரம் கிளம்பவிருந்த பதார்ச், காற்று அடங்கட்டும் என்று அவர்களுடைய கூடாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். ஜிக்மெத்துக்கு மாத்திரை கொடுக்க வந்த டாக்டர் நோமினும் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து பால் கொடுக்கப் போன நானும்தான். கூடாரத்தின் கயிறுகள் விம்மின. ஜிக்மெத்தின் முகம் மெழுகுபோல வெளுத்திருந்தது. கோர்லோ பலகையை எடுத்துப் போட்டாள்.

“இன்னிக்கு வேணாம் அண்ணி, அவருக்கு முடியல” என்றான் பதார்ச்.

“முடியலைனுதான் ஆடுறேன்” என்றாள் அவள்.

அவளும் உட்கார்ந்தாள். முதல் முறையாக.

ஆட்டம் நீண்டுகொண்டே போனது. அவள் ஒரு காவலனை வீட்டில் விட்டாள். இன்னொருவனை மெதுவாக, குதிரை பின்னால் வர, பலகையின் நடுவைத் தாண்டி அனுப்பினாள். ஜிக்மெத்தின் புருவம் உயர்ந்தது. அவன் தன் தேரைப் பாயவிட்டான். அது காவலனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இன்னொரு தேரை மறுபக்கம் கொண்டுவந்தான். அதுவும் நின்றது. ஊரையே ஆட்டிவைத்த அவனுடைய தேர்கள் நொண்டி ஆடுகள் மாதிரி ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தன.

“இதை யாரு சொல்லிக்குடுத்தது? இவனா?”

“நம்ம நாய்” என்றாள் கோர்லோ.

ஜிக்மெத்தின் நோயோன் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. தப்பிக்க வழியில்லை. குதிரையை எடுத்து ஒரு ஷாக் சொல்லி, அடுத்து ஒட்டகத்தை நகர்த்தினால் ஆட்டம் முடிந்தது. பதார்ச்சின் வாய் திறந்தது. விளையாட்டின் நடுவே பேசக்கூடாது என்று கையால் மூடிக்கொண்டான்.

அந்த நிமிஷத்தில் ஜிக்மெத்துக்கு வலி வந்தது. அவன் முனகலை விழுங்கிக்கொண்டு குனிந்தான். கோர்லோவுக்குப் பலகை தெரியவில்லை. புருஷன் மட்டும் தெரிந்தான். இப்போதே முடிக்க வேண்டும், இப்போதே வண்டி ஏற்ற வேண்டும். கைக்குக் கிடைத்த ஒட்டகத்தைத் தள்ளிக்கொண்டு சொன்னாள்.

“தூக். முடிஞ்சுது. எந்திரிங்க.”

ஜிக்மெத் நிமிர்ந்தான். பலகையைப் பார்த்தான். அவன் நோயோனுக்கு நகர இடம் இல்லை. ஆனால் ஷாக்கும் சொல்லப்படவில்லை.

“நியோல்” என்றான் மெல்ல.

கோர்லோவுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அவள் குதிரையைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை பொறுத்திருக்கலாமே! வாழ்நாள் முழுக்க ஓடிய பெண், பொறுக்கவேண்டிய ஒரு முறையிலும் ஓடிவிட்டாள். அவள் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுத அழுகை, வெளியே அலறிய காற்றையும் மீறிக் கேட்டது.

“ஜெயிக்கல. தோக்கவும் இல்ல. அவ்வளவுதான், கோர்லோ” என்றான் ஜிக்மெத். அவன் குரலில் வெற்றி இல்லை.

பதார்ச் தொண்டையைச் செருமினான். “அண்ணே, போன வருஷப் போட்டியில நமக்கு நியோல் ஆச்சே. பரிசுக் கிடாயை என்ன பண்ணாங்க?”

“பாதிப் பாதி வெட்டிக் குடுத்தாங்க.”

“அப்ப நியோல்னா பாதி. அண்ணி பாதி ஜெயிச்சிருக்காங்க. நீங்க பாதி வழி வந்தாகணும்.”

“டேய், ஆபரேஷன்ல பாதி ஏதுடா?”

“வழியில பாதி இருக்கே. நோயோனைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன வார்த்தை, அண்ணே.”

ஜிக்மெத் டாக்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை. “பாதி வழி வர்றேன். அதுக்கு மேல ஒரு அடி கிடையாது” என்றான்.

காற்று அடங்கியதும் லாரி கிளம்பியது. பங்க்கைப் பார்த்துக்கொள்ளும்படி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோர்லோ ஏறினாள். ஜிக்மெத்தை நடுவில் உட்காரவைத்து, கதவுப் பக்கம் அவள் உட்கார்ந்தாள்.

“நான் என்ன ஓடவா போறேன்?”

“எனக்கு ஜன்னல் காத்து வேணும்” என்றாள்.

அதற்கு மேல் நடந்ததைப் பதார்ச் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். மலைக் கணவாய் தாண்டியதும் சாலையோரத்தில் ஓர் உணவுக்கடை வரும். வண்டிகள் எல்லாம் நிற்கும் இடம். ஜிக்மெத் இறங்கி, ஒரு மேசையில் உட்கார்ந்து, உப்புத் தேநீர் கேட்டான்.

“இதுதான் பாதி. ஊருக்குப் போற வண்டி ஏதாவது வரும். நான் அதுல திரும்பிடறேன்.”

“கணவாய்க்கு அந்தப் பக்கமே பாதி முடிஞ்சிருச்சு அண்ணே. நீங்கதான் தூங்கிட்டீங்க” என்றான் பதார்ச்.

“அப்ப நான் அதிகமாவே வந்துட்டேன். இன்னும் நல்லது.”

கோர்லோ வாதாடவில்லை. அவனுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் பக்கம் போகிற வேன் ஒன்று வந்தது. ஜிக்மெத் கையைத் தூக்கினான். டிரைவர் மேசைக்கு வந்தான். கோர்லோ அவனை நிமிர்ந்து பார்த்து, அமைதியாகச் சொன்னாள்: “தம்பி, இவரு வயித்துல ஒரு கட்டி இருக்கு. குலுக்கல்ல உடைஞ்சா வழியிலேயே போயிருவாரு. தெரிஞ்சுக்கிட்டு ஏத்திக்கோ.”

டிரைவர் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு, வண்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்து ஒரு ஜீப் வந்தது. அவனிடமும் அதையே சொன்னாள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவனிடமும். எல்லாரும் மேசை வரைக்கும் வேகமாக வந்தார்கள், நின்றார்கள், மெல்லத் திரும்பிப் போனார்கள்.

ஜிக்மெத் தூக்கிய கையைக் கீழே வைத்தான்.

“காவலனைக் கொண்டுவந்து என் பக்கத்துலயே நிறுத்திட்ட” என்றான்.

“ஆமா.”

“எங்கப்பா அந்தத் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குத் தன் கால்ல நடந்துதான் போனாரு, கோர்லோ. நான்தான் கதவு வரைக்கும் கொண்டு விட்டேன். ‘போய் டீ குடிச்சுட்டு வாடா’ன்னாரு. குடிச்சுட்டு வந்தேன்.” அவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். “அதுக்குள்ள முகத்தை மூடித் துணி போத்திட்டாங்க.”

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் சொல்லாத வார்த்தைகள். அவன் நகராமல் இருந்தது பிடிவாதம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது பயம். அவளை ஓடவைத்த அதே பயம்தான் அவனை உட்காரவைத்திருந்தது.

“நான் டீ குடிக்கப் போகமாட்டேன்” என்றாள் கோர்லோ. “கதவுகிட்டயே நிப்பேன். உங்களைத் தலைநகரத்துக்கு வரச் சொல்லல. ஒரே ஒரு கட்டம். அந்த லாரி வரைக்கும் வாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் அடுத்த கட்டம். டீசல் போடுற இடம்.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். லாரி வரைக்கும் நடந்தான். டீசல் போடும் இடத்தில், அங்கிருந்து அடுத்த ஊர் வரைக்கும் என்றாள். அடுத்த ஊரில், ஆற்றுப்பாலம் வரைக்கும் என்றாள். பாலத்தில், தூரத்தில் தெரிந்த நகரத்துப் புகைமூட்டத்தைக் காட்டி, அதுவரைக்கும் என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் ஜிக்மெத் ‘அப்புறம்?’ என்று கேட்கவில்லை. அவனே படி ஏறினான்.

ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியதும் அவள் சொன்னபடியே அங்கேயே நின்றாள். பதார்ச் டீ வாங்கி வந்தான். வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். தரை துடைக்கிற அம்மாள் வந்து, “ஏம்மா, கொஞ்சம் நகரு, துடைக்கணும்” என்றபோதும் நகரவில்லை. அந்த அம்மாள் அவளைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். காலடியில் ஒரு வட்டம் மட்டும் ஈரமில்லாமல் இருந்ததென்று பதார்ச் சொல்வான்.

கட்டி உடையாமல் முழுசாக வந்தது.

மயக்கம் தெளிந்ததும் ஜிக்மெத் முதலில் வாயைத் திறந்து கேட்டது, “டீ குடிச்சியா?” என்பதுதான்.

“இல்ல.”

“போய்க் குடி. நான் இங்கதான் இருப்பேன்.”

கோர்லோ கேண்டீனுக்குப் போய் ஒரு கிண்ணம் தேநீர் வாங்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது ஆறிப்போகும் வரைக்கும் மெதுவாக, மிடறு மிடறாகக் குடித்தாள்.